அக்கா சிரித்ததும் நான் பார்த்ததும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்ததற்கு மன்னிப்பு.
2. சைன், சிம்ப்டம் என்ற இரண்டு ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கும் உள்ள பொருள் வேறுபாடு.
3. உன் வீட்டில் நான் பார்த்தது.
4. ஒரு வேண்டுகோள்.

உண்மையில் மூன்றாவதை எழுதத்தான் உட்கார்ந்தேன். தைரியம் வரவில்லை. அதனால் முன்னால் இரண்டைப் போட்டு மெதுவாக வருகிறேன்.

முதலாவது. உன் கடிதம் நேற்று வந்தது. 'சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திருடன் மாதிரி விடியற்காலையில் போயிருக்கிறாய். எந்தத் திருடனடா தட்டு கழுவுவான்' என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. நாம் சேர்ந்து எழுதும் செவிலியர் கையேட்டு வேலைக்காக வந்து ஒரு வாரம் உன் கையால் சாப்பிட்டவன் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு. காரணம் மூன்றாம் பகுதியில் வரும்.

இரண்டாவது. அன்று மாலை உனக்கு நான் படித்துக் காட்டிய பகுதிதான். செவிலியர் படிப்புக்கு வரும் பெண்கள் குழப்பிக்கொள்ளும் சொல் இணைகளில் இதுதான் முதன்மையானது என்று நீயே சொன்னாய். உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

(அ) சிம்ப்டம் என்பது நோயாளி மட்டுமே உணர்வது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். குமட்டல், அரிப்பு, அசதி போன்றவை.

(ஆ) சைன் என்பது நோயாளி வாயே திறக்காவிட்டாலும் எதிரில் இருப்பவர் பார்த்தும் தொட்டும் அளந்தும் அறிவது. வீக்கம், மஞ்சள் பூத்த கண், ஏறிய காய்ச்சல் போன்றவை. தமிழில் இரண்டையும் 'அறிகுறி' என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். முதலாவதை 'உணர்குறி' என்றும் இரண்டாவதைக் 'காண்குறி' என்றும் பிரிக்கலாம் என்பது என் யோசனை.

(இ) இரண்டும் முரண்பட்டால் காண்குறியையே நம்ப வேண்டும். வாய் கூட்டிச் சொல்லும், குறைத்துச் சொல்லும். உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மூன்றாவது. (அ)வுக்கு உதாரணமாக, மொழிபெயர்ப்புப் பிரிவில் எனக்கு மேலே இருந்த அதிகாரியைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன். தணிக்கைக்காரர்கள் வரும் நாளில் மட்டும் அவருக்குத் தலைவலி வரும். தலைவலி இல்லை என்று எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாது. எங்கள் அலுவலகத்திலேயே உணர்குறியின் அருமை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்று முடித்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தேன்.

'அந்த அதிகாரி கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறமும் உனக்கு ஏன் மூஞ்சி தொங்கிப்போனது' என்று எழுதியிருக்கிறாய். அக்கா, நீ சிரிக்கவில்லை. நான் உனக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன், விளக்கு வெளிச்சம் உன் முகத்தில்தான் விழுந்தது. உதடு அசையவில்லை. கண்ணும் சுருங்கவில்லை. கதவைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் எழுத்து உனக்கு அலுத்துவிட்டது, வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். இரவெல்லாம் அதையே உருட்டிக்கொண்டிருந்து, விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. எழுத்தில் நீ எப்போதும் போலவே இருக்கிறாய். வாய்ச் சவடால் கொஞ்சமும் குறையவில்லை. அப்படியானால் நீ சிரித்தது நிஜம். அது முகத்துக்கு வந்து சேரவில்லை.

அதை ஒட்டி மற்றவையும் நினைவுக்கு வந்தன. கடைக்குப் போகும்போது உன் இரண்டு கைகளும் வீசாமல் பக்கத்தில் தொங்கின. உன் நடைக்காக நான் நின்று நின்று வந்தேன். சின்ன வயதில் நீ என்னை இழுத்துக்கொண்டு ஓடியவள். டம்ளரை மேசையில் வைக்கும்போது அது உடனே நிற்கவில்லை, தடதடத்தது. போனிலும் கொஞ்ச நாளாக உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருக்கிறது.

நான்காவது. தயவுசெய்து ஒரு நரம்பு மருத்துவரைப் பார். என் கணிப்பு தவறு என்று தெரிந்தால் நீ ஆயுள் முழுவதும் என்னைக் கேலி செய்துகொள்ளலாம். அதற்கு இதுவே எழுத்துபூர்வமான சம்மதம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

டேய் பண்டிதரே,

ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புகிற ஆள், உத்தியோகம் முழுக்க வார்டிலேயே கழித்த தலைமை நர்ஸுக்கு நோய் பார்த்துச் சொல்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் தபால்காரர் கையைச் சுட்டிருக்கும்.

முகம் என்னுடையது. வயதானால் கன்னம் இறங்கும், சிரிப்பும் அதோடு கொஞ்சம் இறங்கும். கை வீசவில்லையாம். நான் என்ன அணிவகுப்பிலா போனேன்? ஒரு கையில் பை, இன்னொரு கையில் புடவைத் தலைப்பு. டம்ளர் தடதடத்தது என்றால் மேசையின் காலைப் பார். ஒரு கால் குட்டை.

நான் சிரித்தது எனக்குத் தெரியாதா? வயிறு வலித்தது எனக்குத்தானே?

ஒரு விஷயம் நன்றாகக் கேட்டுக்கொள். தினமும் காலையில் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் புண்களுக்குக் கட்டுப் போடுகிறேன். சர்க்கரைக்காரர்களின் கால். மற்ற நர்ஸ் வந்தால் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள், என்னிடம் நீட்டுவார்கள். 'கை நடுங்குகிறது' என்று ஒரு வார்த்தை அங்கே மேலாளர் காதில் விழுந்தால் போதும். மறுநாளே எனக்கும் அங்கே ஒரு கட்டில் ஒதுக்கிவிடுவார். அந்த வேலை ஒன்றுதான் என்னைக் காலையில் எழுப்புகிறது. அதில் கை வைக்காதே.

மருமகளிடம் மூச்சு விடக் கூடாது. அவள் நல்லவள்தான். ஆனால் நான் தும்மினாலே மகனுக்குப் போன் பறக்கும்.

கையேட்டைப் பற்றி: உணர்குறி, காண்குறி இரண்டும் நன்றாக இருக்கின்றன. வாயில் ஒட்டுகிறது. (இ) ரொம்பச் சரி. வார்டில் புலம்புகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை இரண்டுதான்:

1. என் பயம்.
2. ஒரு சின்னப் பரிசோதனை.

முதலாவது. உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதினேன். உன் கோபத்துக்கு நான் எவ்வளவு பயப்படுகிறவன் என்பது உனக்குத் தெரியும். அதையும் தாண்டி எழுதினேன் என்றால் மற்ற பயம் எவ்வளவு இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நீ என்னைத் திட்டிய பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். தனியாக இருப்பவனுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கீழே பூட்டுக் கடைக்காரர் படியேறி வந்து, "யார் சார் வந்திருக்காங்க? இவ்வளவு நல்லாத் திட்டறாங்க?" என்று கேட்டார். கடிதம் என்று சொன்னேன். நம்பாமல் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். உன் சிரிப்பு எங்கும் போய்விடவில்லை, அக்கா. அது வெளியே வரும் வழியில் ஏதோ தடை இருக்கிறது.

இரண்டாவது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்காதே. அங்கே நீ முயன்று சிரிப்பாய், அது கணக்கில் சேராது. உன் பக்கத்தில் தினமும் இருக்கும் ஒருவரிடம், 'நான் சிரித்தால் தெரிகிறதா' என்று ஒரே ஒரு கேள்வி கேள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தெரிகிறது என்று பதில் வந்தால் நான் இனி வாய் திறக்க மாட்டேன்.

மேசையின் காலைப் பற்றி நீ சொன்னது சரியாகவும் இருக்கலாம். நான் குனிந்து பார்க்கவில்லை.

தம்பி


மார்ச் 3

தம்பி,

கேட்டேன்.

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, நான் சிரிச்சா உனக்குத் தெரியுதா?" என்றேன்.

"என்ன அத்தை திடீர்னு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கிட்டாலும் தெரியாதாம். தைரியமாச் சொல்லு."

கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "கொஞ்ச மாசமாவே என் மேல உங்களுக்கு ஏதோ வருத்தம்னு நெனச்சிட்டிருந்தேன் அத்தை. என்ன பேசினாலும் மூஞ்சிய அப்படியே வெச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு அவர்கிட்ட கேட்டு அழுதுகூட இருக்கேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் நேரம் வாங்கினேன். கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று தனியாகப் போனேன்.

இந்த ஊரில் இப்போது பேர் பெற்ற நரம்பு டாக்டர் யார் தெரியுமா? பயிற்சிக்கு வந்த முதல் நாளே என் வார்டில் மயங்கி விழுந்த பையன். முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். பார்த்ததும் எழுந்து நின்றார். "சிஸ்டர், நீங்களா?"

நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"கைய ஏன் வீசாம நடக்கறீங்க?"

"வீசி யார அடிக்கணும்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அதாவது சிரித்ததாக நினைத்தேன். விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார், பின்னாலிருந்து தோளை இழுத்துப் பார்த்தார். எல்லாம் நான் பார்த்துப் பழகியதுதான். என் உடம்பில் பார்ப்பதுதான் புதிது.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல."

"மருந்து?"

"பிரஷருக்கு ஒரு மாத்திரை."

உன் (இ)யை அப்படியே கடைப்பிடித்தேன். உடம்பைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். புலம்புகிற கிழவிகள் வரிசையில் நானும் ஒருத்தியாக நிற்க விரும்பவில்லை.

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. வழக்கமா ஒரு பக்கம்தான் தொடங்கும். இருந்தாலும்…" என்று இழுத்துவிட்டு, நடுக்குவாதம் என்றார். பார்க்கின்சன். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். அப்போது மருந்து தொடங்கிவிடலாமாம்.

இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று இல்லத்தில் சொல்லிவிட்டேன். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்வது மரியாதை. மேலாளர் காரணம்கூடக் கேட்காமல் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கும் போல.

நீ பார்த்தது சரி. போதுமா? ஆறுதல் சொல்லி எழுதாதே. அந்த நோயாளிகளுக்கு நான் கரண்டியால் ஊட்டியிருக்கிறேன். எங்கே தொடங்கி எங்கே போகும் என்று எனக்குப் பாடம். கையேட்டு வேலை மிச்சம் இருந்தால் அனுப்பு, எழுதித் தருகிறேன். கை ஓடும்வரை ஓடட்டும்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. நீ எழுதக் கூடாது என்றதை எழுதவில்லை.
2. வேலை.

முதலாவதைப் பற்றி ஒரே ஒரு வரி. நீ சொன்னால் நான் இந்த அறையைக் காலி செய்துவிட்டு அங்கே வந்துவிடுவேன். எனக்கு ஊட்டத் தெரியாது, கற்றுக்கொள்வேன். வரி முடிந்தது.

என் கணிப்பு சரியாகிவிட்டது என்பதை எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்னவை குறைவு. அவற்றில் இது ஒன்றாக இருந்திருக்க வேண்டாம். மன்னிக்கவும், இரண்டு வரி ஆகிவிட்டது.

இரண்டாவது. நம் கையேட்டின் விதியை நீதான் போட்டாய். பொருள் விளக்கம் என்னுடையது, உதாரணம் உன்னுடையது. உதாரணம் உனக்கே நேர்ந்ததாகவோ நீ கண்ணால் பார்த்ததாகவோ இருக்க வேண்டும், கற்பனையோ கேள்விப்பட்டதோ கூடாது. 'பொய் உதாரணத்தில் படித்த பெண் பொய்யாகத்தான் ஊசி போடுவாள்' என்றாய். அந்த விதியால்தான் டோஸ், டோசேஜ் பகுதி அவ்வளவு நன்றாக அமைந்தது. ஒரு தடவைக்கான அளவு டோஸ். அதை எத்தனை தடவை, எத்தனை நாள் என்பதையும் சேர்த்தால் டோசேஜ். மூன்று வேளை மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் என்னை எழுப்பாதம்மா, கணக்கு முடிஞ்சது" என்ற உன் வார்டுப் பெரியவரை அச்சகத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

இப்போது சிக்கல் உணர்குறிப் பகுதியில். தலைவலி அதிகாரியை நான் நீக்கிவிட்டேன். அது என் உதாரணம், விதிக்கு விரோதம் என்பது ஒரு காரணம். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாலை நினைவுக்கு வருவது இன்னொரு காரணம். மேலும் வலி என்றால் முகச்சுளிப்பில் கொஞ்சம் வெளியே தெரிந்துவிடும், கலப்படம். எனக்குச் சுத்தமான உணர்குறி ஒன்று வேண்டும். அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்தது. எதிரே இருப்பவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாதது. விதிப்படி நிஜமானது.

அவசரம் இல்லை. கை வலித்தால் மருமகளிடம் சொல்லி எழுத வை.

தம்பி


மார்ச் 13

பண்டிதரே,

மருமகளிடம் சொல்லி எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. நானே எழுதுகிறேன். எழுத்து கோணினால் அச்சகத்துக்குத் தருமுன் நேராக்கிக்கொள்.

'வயதான ஒரு பெண். கட்டிலைவிட்டு எழும்போதும் படுக்கையில் புரளும்போதும் அறை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். பீரோ, ஜன்னல், மின்விசிறி எல்லாம் சேர்ந்து ஓடும். சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். பார்ப்பவர்கள், எதையோ எடுக்க வந்து மறந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். சொன்னால் மாடிப்படி ஏறவிட மாட்டார்கள், வேலைக்கும் விட மாட்டார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வார்டில் தான் கொடுத்துப் பழகிய தலைசுற்றல் மாத்திரையைத் தானே வாங்கி, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று வேளையும் போட்டுவருகிறாள். ஓரளவு மட்டுப்பட்டிருக்கிறது.'

இதைவிடச் சுத்தமான உணர்குறி உனக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வாரம் என் வீட்டில் இருந்தாய், டம்ளர்வரை பார்த்தாய், இதைப் பார்க்கவில்லை. விதிப்படி நிஜம். யார் என்று கேட்காதே. அச்சில் 'வயதான ஒரு பெண்' போதும்.

அக்கா


மார்ச் 17
விரைவுத் தபால்

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு வரிசை எண் இல்லை.

இதை நீ டாக்டரிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தொந்தரவு ஒன்றும் இல்லை என்றாய், மருந்து ஒன்றே ஒன்று என்றாய். இரண்டும் பொய்.

உனக்குப் போன் செய்தேன். நீ இல்லத்துக்குப் போயிருந்தாய். மருமகள் எடுத்தாள். "சும்மாதான்மா கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்ற உன் கட்டளையை மீற எனக்குத் துணிவில்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்து நான்கு நாளுக்குள் நீ போகவில்லை என்றால் மீறுவேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்வேன், உன் மகனிடமும் சொல்வேன்.

நான் மருத்துவன் இல்லை. அந்தத் தலைசுற்றலுக்கும் மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, தெரிய வேண்டியவரிடம் நீ சொல்லவே இல்லையே. என் (இ)யைக் காட்டி வாயை மூடிக்கொண்டதாக எழுதினாய். அதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போ. திட்டுவதானால் போய்வந்த பிறகு திட்டு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு மிரட்டத் தெரியும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் உன்னைக் கொஞ்சம் குறைவாக அடித்திருப்பேன்.

போனேன். இந்த முறை மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது துணைக்கு ஆள் இருப்பது நல்லதுதான்.

மாத்திரை அட்டையை டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப இருந்து சாப்பிடறீங்க?"

"மழைக்காலத்துல இருந்து."

"தினமுமா?"

"மூணு வேளை."

"சிஸ்டர், போன தடவையே கேட்டேனே, வேற என்ன மருந்துன்னு."

"இத நான் மருந்துக் கணக்குலயே வெக்கல."

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முகமும் வெளுத்தது. இவர் மயங்கி விழும் தோரணை எனக்குப் பழக்கம், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். பார்த்தால் மனிதர் சிரிக்கிறார்.

"இது மாத்திரையால வந்தது சிஸ்டர். வயசானவங்க இத மாசக்கணக்குல சாப்பிட்டா அச்சு அசலா நடுக்குவாதம் மாதிரியே காட்டும். அதான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்கு. நிறுத்தினா பெரும்பாலும் போயிடும். உடனே இல்ல, சில மாசம் ஆகும். முழுசாப் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா போகும்னுதான் நெனக்கிறேன். நான் தொடங்கலாம்னு சொன்ன மருந்து இப்ப வேண்டாம்."

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கத்தில் வளையல் அழுந்தி இன்னமும் தடம் இருக்கிறது.

கேள், இதில் பெரிய கேவலம் என்னவென்றால், அந்த மாத்திரை இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதையே ஊசியாகப் போட்ட ஒரு பெண்ணுக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டதை வார்டில் நானே பார்த்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அது நோயாளிக்கு நடப்பது. நான் நர்ஸ் அல்லவா? மருந்து என் கைவழியாக மற்றவர்களுக்குப் போவதுதான் பழக்கம். எனக்குள்ளே போனாலும் அது தன் வேலையைக் காட்டும் என்று தோன்றவே இல்லை.

தலைசுற்றலுக்கு என்ன செய்தார் என்று கேட்கவில்லையே நீ. என்னைப் படுக்கைமேல் உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாத்தினார். அறை சுற்றிய சுற்றில் மருமகளை அத்தை என்று கூப்பிட்டேன். பிறகு தலையை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, உடம்போடு அந்தப் பக்கம் ஒரு புரட்டு, எழுப்பி உட்கார வைத்தார். காதுக்குள்ளே இடம் மாறிக் கிடந்த துகள்களாம், அவற்றை உருட்டிச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டாராம். அன்று இரவு கட்டிலில் புரண்டேன். பீரோ பீரோவாகவே நின்றது. இதற்குத்தான் இத்தனை மாதம் மாத்திரை முழுங்கினேன்.

இனி மாத்திரை டப்பா மருமகள் பொறுப்பு. "எது வேணும்னாலும் என்னக் கேட்டு வாங்கிக்கங்க சிஸ்டர்" என்கிறாள். கொழுப்பு ஏறிவிட்டது.

இல்லத்துக்குப் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கை சரியாகும்வரை கட்டுப் போட வேண்டாம், பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார் மேலாளர். அதுவும் சரிதான்.

வந்து போ. கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்பு.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. வீடு வந்து சேர்ந்தேன்.
2. ஒரு மனத்தாங்கல்.
3. நான் இந்த முறை பார்த்தவை.
4. ஒரு திருத்தம்.

முதலாவது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மருமகள் கட்டிக் கொடுத்ததை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

இரண்டாவது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. மழைக்காலத்திலிருந்து உனக்குத் தலை சுற்றியிருக்கிறது. அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எதிலும் ஒரு வார்த்தை இல்லை. உன் மகனுக்கும் மருமகளுக்கும் நீ பயந்தாய், புரிகிறது. எனக்குப் பயப்பட என்ன இருக்கிறது? என் பேச்சைக் கேட்டு யாராவது உன்னை மாடிப்படி ஏறவிடாமல் தடுத்திருப்பார்களா? கடைசியில் உதாரணம் வேண்டும் என்று கேட்டதால்தான் எனக்குக் கிடைத்தது. இது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. எழுதிவிட்டேன், இதோடு விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது. நீயும் மருமகளும் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்ப வந்தீர்களே, அப்போது பார்த்தேன். இடது கை இன்னும் கொஞ்சம் தயங்குகிறது. வலது கை நன்றாக வீசுகிறது. எதிரே வந்த சைக்கிள்காரரை அது கிட்டத்தட்ட அடித்தேவிட்டது. முந்தின நாள் காலை இல்லத்துக்கு உன்னோடு வந்தபோது, ஒரு பெரியவர் போர்வையை விலக்கிக் காலை நீட்டியதும் நீ தயங்காமல் குனிந்து கட்டை அவிழ்த்ததைப் பார்த்தேன். மேலாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். புண்ணைப் பார்க்காமல் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு மயக்கம் வரவில்லை.

மருமகள் உன்னிடம் பேசும் பேச்சு மாறிவிட்டது. உன் முகத்தில் பதில் வருவதால் அவளும் துணிந்து பேசுகிறாள். நான் குறுக்கே உட்கார்ந்திருந்ததை நீங்கள் இருவரும் மறந்தே போனீர்கள்.

நான்காவது. அச்சகத்திலிருந்து வந்த உணர்குறிப் பகுதியின் அச்சுப்படியைச் சரிபார்க்க நேற்று எடுத்தேன். (அ) சரி. (ஆ) சரி. (இ)யில் நின்றுவிட்டேன்.

உன் முகத்தையும் கையையும் பார்த்துத்தான் உன்னை டாக்டரிடம் அனுப்பினேன். அதுவரை நான் சொன்னது பொருந்துகிறது. ஆனால் அந்தக் கைதேர்ந்த டாக்டர், கண்ணால் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றையும் தவறாகப் பார்க்கவில்லை, அப்படியும் வேறு நோயின் பெயரைத்தான் சொன்னார். உடம்பும் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைக் காட்டியது. சரியான பெயர் உன் வாய்க்குள் இருந்தது. நம்பத் தகுந்தது எது என்று இரண்டையும் போட்டி போடவைத்து நான் ஒரு விதி எழுதினேன். நீ அதை நம்பி வாயை மூடிக்கொண்டாய். டாக்டர் சொன்ன அந்த ஒரு மாதம் தாண்டியிருந்தால் வேண்டாத மருந்தைத் தொடங்கியிருப்பார்கள். இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு வார்டுக்குப் போகும் பெண், தலை சுற்றுகிறது என்று ஒரு கிழவி சொன்னால் என் (இ)யை நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள்.

இன்று காலை அச்சகத்துக்குப் போய் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அச்சுக் கோப்பவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஏன் சார், இடம் பத்தலையா?"

"இடம் இருக்கு."

"அப்புறம்? தப்பா?"

ஒரு கோப்பில் என் பிழையை யாராவது சுட்டிக்காட்டினால், 'இருக்கலாம், பார்க்கிறேன்' என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். இன்று அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

"ஆமா, தப்பு" என்றேன்.

தம்பி